காணி வாங்கும் முன்: ஓய்வுபெற்ற நொத்தாரிசு (காணிப் பத்திரம் எழுதுபவர்) பதில் சொல்கிறார்

கோண்டாவில் வாசகி: கோண்டாவிலில் 2 பரப்பு (எங்கள் காணி அளவு), அரியாலையில் கடற்கரைப் பக்கம் 4 பரப்பு. இரண்டுக்கும் ஒரே விலை. எதை எடுக்கலாம்?

பதில்: பரப்புக் கணக்கை விடுங்கள் பிள்ளை, முதலில் கிணற்றைப் பாருங்கள். எங்கள் யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக் கல்லுக்குள் நல்ல தண்ணீர், உப்புத் தண்ணீருக்கு மேலேதான் நிற்கிறது. கார்த்திகை மழைக்குப் பிறகு போனால் எந்தக் கிணறும் இனிக்கும். ஆவணியில் போங்கள். மோட்டரைப் போட்டு அரை மணித்தியாலம் இறைக்கச் சொல்லிவிட்டு, கடைசியாக வரும் தண்ணீரை வாயில் விட்டுப் பாருங்கள். உவர்த்தால், 4 பரப்பில் ஒரு தென்னம்பிள்ளை நடவும் யோசிக்க வேண்டும்.

கோண்டாவில் பக்கம் வேறு தொல்லை. தோட்ட உரமும் மலகூடக் குழியும் சேர்ந்து தண்ணீரில் நைத்திரேற்று ஏறும். ருசியில் பிடிபடாது, கொதிக்க வைத்தாலும் போகாது. ஒரு போத்தல் தண்ணீரைப் பரிசோதனைக்குக் கொடுங்கள். லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேலே என்றால் கைக்குழந்தைக்குப் பால்மா கரைக்கக்கூடாது. இரண்டு முடிவும் கைக்கு வந்த பிறகு விலையைப் பேசுங்கள். விலை இறங்கும், தண்ணீர் மாறாது.

நெல்லியடி வாசகர்: கனடாவில் இருக்கும் ஒரு அக்கா தன் பிரிபடாத பங்கை மலிவாகத் தருகிறா. அவவின் தம்பியிடம் அற்றோணித் தத்துவம் (அவவுக்காகச் செயற்படும் அதிகாரப் பத்திரம்) இருக்கிறது. நம்பலாமா?

பதில்: மலிவு ஏன் என்று கேட்டீர்களா? போட்டோக் கொப்பியைப் பார்த்துத் தலையாட்டாதீர்கள். மூலப்பிரதியில் விற்கும் அதிகாரம் எழுதியிருக்கிறதா, அது பதியப்பட்டதா என்று பாருங்கள். கொடுத்தவர் இறந்தால் அந்த அதிகாரமும் போய்விடும், அதனால் அக்காவுடன் வீடியோவில் நேரே கதையுங்கள். அக்கா தேசவழமைக்கு (யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டத்துக்கு) உட்பட்டவ, கணவர் இருக்கிறார் என்றால் அவருடைய எழுத்துமூலச் சம்மதமும் வேண்டும். பிரிபடாத பங்கு என்பதால் 1947ஆம் ஆண்டுச் சட்டப்படி மற்றப் பங்காளிகளுக்கும் அக்காவின் உரித்தாளிகளுக்கும் வாங்குவதில் முன்னுரிமை உண்டு. அவர்களுக்கு அறிவித்தல் கொடுக்காமல் விற்பனை உறுதிப் பத்திரம் முடித்தால் பிறகு வழக்குத்தான். காணிப் பதிவகத்தில் பழைய பதிவுகளையும் எடுத்துப் பாருங்கள்.

சுன்னாகம் வாசகர்: இன்றைக்கே முற்பணம் தராவிட்டால் காணிக்காரர் வேறு ஆளுக்குக் கொடுப்பாராம்.

பதில்: கொடுக்கட்டும்.

மானிப்பாய் வாசகி: எல்லாம் சரி. ஆனால் கிணறு பிழையான மூலையில் என்று மாமி ஒரே பிடி.

பதில்: எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. ஆனாலும் மாமி உங்களோடுதானே இருக்கப் போகிறா? அந்தக் கிணற்றடியில் தினமும் அவவின் புறுபுறுப்பைக் கேட்கப் போவது நீங்கள். அதையும் கணக்கில் சேருங்கள்.