புழுங்கல் அரிசிக்கு விலை கூடிய ரைஸ் குக்கர் ஒத்துவருமா?

உங்கள் கேள்வி இதுதான்: கும்பகோணத்தில் தனியாக இருக்கும் அம்மாவுக்கு 30,000 ரூபாய் விலையில் ஒரு ஐ.எச்., அதாவது இண்டக்‌ஷன் ஹீட்டிங் ரைஸ் குக்கர் வாங்கலாமா, தினம் புழுங்கல் அரிசிதான் வடிப்பார்கள், அதற்குச் சரிப்பட்டு வருமா?

சரிப்பட்டு வரும். நாலு வருஷமாக எங்கள் வீட்டில் ஒன்று ஓடுகிறது. ஆனால் பெட்டியைப் பிரித்து, பாத்திரத்தின் உள்ளே போட்டிருக்கும் கோடு வரை தண்ணீர் ஊற்றிப் பொத்தானை அழுத்தினால் மட்டும் நம் சோறு வராது. எனக்கு அது பிடிபட இரண்டு மாதம் ஆனது. அந்த இரண்டு மாதக் கதையைச் சொன்னால் உங்களுக்கு உதவும் என்று நினைக்கிறேன்.

எங்களுடையது மன்னார்குடிக்குத் தெற்கே ஒரு கிராமம். வேலைக்காகத் தினம் காலை ஏழே முக்கால் பஸ்ஸைப் பிடித்துத் திருவாரூர் போகிறேன். வீட்டில் உலை வைப்பதும் வடிப்பதும் அத்தைதான், அதாவது என் மாமியார். ஒரு ஐப்பசி மாதம், அடைமழை நேரத்தில், பானையைச் சாய்த்து வடிக்கும்போது தட்டு நழுவிக் கஞ்சி முழுக்க இடது கையில் கொட்டிவிட்டது. மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை தோல் உரிந்துவிட்டது. எழுபது வயதில் அந்தப் பானையின் கனத்தை அவர் தூக்குவதை அத்தனை நாளும் பார்த்துக்கொண்டிருந்தேனே என்று எனக்கு அன்று நெஞ்சு அடைத்துக்கொண்டது. அந்த வாரமே குக்கர் தேட ஆரம்பித்தேன்.

அவசரத்தில் முதலில் ஆன்லைனில் ஒன்று வாங்கினேன். இண்டக்‌ஷன், எல்லா அரிசியும் வேகும் என்று போட்டிருந்தார்கள். எட்டாவது மாதம் உள்ளே இருக்கும் சர்க்யூட் போர்டு போய்விட்டது. மாற்றுப் போர்டு வரவே இல்லை. அதற்குப் பிறகு என் கொழுந்தன் சிங்கப்பூரிலிருந்து வரும்போது ஒரு ஜப்பான் கம்பெனி ஐ.எச். குக்கர் கொண்டுவந்தார். இங்கே ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். சிங்கப்பூரில் நம்மைப் போலவே 230 வோல்ட். ஜப்பானில் 100 வோல்ட். டோக்கியோவில் யாராவது ஆசையாக வாங்கிக்கொடுத்தால் அதை நம் பிளக்கில் நேராகச் சொருகக் கூடாது, போர்டு எரிந்துவிடும். வோல்டேஜைக் குறைக்கும் ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும், அதுவோ செங்கல் கனம். வெளிநாட்டிலிருந்து வாங்குவதாக இருந்தால் அடியில் ஒட்டியிருக்கும் சீட்டில் 220–240 என்று இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள்.

இந்த விலை எதற்கு என்று சொல்லிவிடுகிறேன். இரண்டாயிரம், மூவாயிரம் ரூபாய்க் குக்கரில் அடியில் ஒரு சூட்டுத் தட்டு, நடுவில் ஒரு காந்தம், அவ்வளவுதான். தண்ணீர் இருக்கும் வரை பாத்திரம் 100 டிகிரியைத் தாண்டாது. தண்ணீர் வற்றியதும் சூடு ஏறும், சூடு ஏறியதும் அந்தக் காந்தம் தன் பிடியை விட்டுவிடும், ஸ்பிரிங் சுவிட்சைத் தள்ளிவிடும். எளிமையான, நல்ல ஏற்பாடு. ஐ.எச். குக்கரில் சுருள் கம்பி உண்டாக்கும் காந்தப்புலத்தால் பாத்திரமே சூடாகிறது, அடியும் பக்கமும் சேர்ந்து. அடியிலும் மூடியிலும் சென்சார் வைத்து, முதலில் வெதுவெதுப்பில் ஊறவிட்டு, பிறகு கொதிக்கவிட்டு, கடைசியில் ஆவியில் நிறுத்தி, கட்டம் கட்டமாகச் சமைக்கிறது. கொரியாவின் குக்கூ கம்பெனிக் குக்கர் போன்றவற்றில் இதோடு பிரஷரும் உண்டு.

இந்தக் கட்டங்கள் எந்த அரிசிக்காக வகுக்கப்பட்டவை என்பதில்தான் சிக்கல். 1955இல் தோஷிபா முதன்முதலாக நன்றாக விற்ற தானியங்கி மின் குக்கரைக் கொண்டுவந்தது. அதன் பின்னால் மினாமி யோஷிதாடா என்பவரும் அவர் மனைவி ஃபுமிகோவும் இருந்தார்கள். அந்த அம்மாள்தான் வீட்டில் நாள் தவறாமல் சோறு ஆக்கி, எவ்வளவு நேரம், எவ்வளவு சூடு என்று குறித்துக்கொடுத்தவர். அவர் பதம் பார்த்தது குட்டையான, ஒட்டுகிற ஜப்பான் பச்சரிசியை. நம் அரிசியில் அமைலோஸ் என்ற மாவுச்சத்து கூடுதல், உதிரும். அதுவும் புழுங்கல் என்றால் நெல்லிலேயே ஊறவைத்து, அவித்து, காயவைத்தது. ஒருமுறை வெந்து இறுகிய மாவு அது. தண்ணீர் உள்ளே போக நேரம் எடுக்கும்.

முதல் நாள் ‘ஒயிட் ரைஸ்’ பொத்தானில், கோட்டின்படி தண்ணீர் வைத்தேன். மூடியைத் திறந்ததும் பார்க்க மல்லிகைப் பூ மாதிரி இருந்தது. அத்தை ஒரு பருக்கையை எடுத்துக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் அழுத்தினார். மேலே நசுங்கியது, நடுவில் வெள்ளையாக ஒரு புள்ளி அப்படியே நின்றது. “வெறைச்சிருக்கும்மா. மேல வெந்திருக்கு, உள்ள வேகல” என்றார். மறுநாள் தண்ணீரைக் கூட்டினேன். மேல்சோறு வெடித்து, அடியில் கூழாகி, ஆவித் துளை வழியாகக் கஞ்சி பொங்கி மேடை முழுக்க வழிந்தது.

விடை கிடைத்தது ‘பிரவுன் ரைஸ்’ பொத்தானில். தவிடு நீக்காத அரிசிக்காக வைத்தது. நிதானமாக ஊறவைத்து, அடக்கமாகக் கொதிக்கவிடும். ஒன்றரை மணி நேரத்துக்குப் பக்கத்தில் பிடிக்கிறது, ஆனால் புழுங்கலுக்கு அதுதான் பதம். கூடவே வரும் கப் 180 மில்லி, எங்கள் வீட்டுப் பழைய ஆழாக்குக்குக் கிட்டத்தட்ட சமம். பழைய பொன்னிப் புழுங்கலுக்கு ஒன்றுக்கு இரண்டே முக்கால் தண்ணீர் வைக்கிறேன். அறுவடை முடிந்து இரண்டு மூன்று மாதமே ஆன புது அரிசி என்றால் இரண்டே காலுக்கு மேல் போனால் குழைந்துவிடும். ஒரே ரகம், ஒரே வயல், வயதுதான் வித்தியாசம். மெஷினுக்கு எத்தனை சென்சார் இருந்தாலும் மூட்டையில் இருப்பது போன வருஷத்துச் சம்பாவா இந்தத் தையில் அறுத்ததா என்று அதற்குத் தெரியாது. அது உங்கள் அம்மாவுக்குத் தெரியும். மூட்டை மாறும்போதெல்லாம் முதல் இரண்டு நாள் கொஞ்சமாக வைத்துப் பதம் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

பச்சரிசிக்கு ஒன்றுக்கு இரண்டு, ஒயிட் ரைஸ் பொத்தானே போதும். சீரகச் சம்பாவுக்கு ஒன்றே முக்கால். மாப்பிள்ளைச் சம்பா, கருப்புக் கவுனி எல்லாம் ராத்திரியே ஊறவேண்டும், தண்ணீரும் நாலு மடங்குக்குப் பக்கம் கேட்கும். அடுப்பில் அவற்றை வேகவைக்கப் பட்ட பாட்டை நினைத்தால், விலை கூடிய குக்கரின் அருமை எனக்கு உண்மையில் தெரிந்தது கவுனியில்தான். ஒரு பருக்கை கூட வேகாமல் நிற்பதில்லை.

அளவு பற்றி. ஜப்பான் கம்பெனிகள் ‘1.8 லிட்டர்’ என்றால் 10 கப் அரிசி போடலாம் என்று அர்த்தம். இங்கே சில குக்கர்களில் அதே எண் பாத்திரம் கொள்ளும் மொத்த அளவைக் குறிக்கும். கேட்டுக்கொள்ளுங்கள். புழுங்கலுக்குத் தண்ணீர் அதிகம் என்பதால் போட்டிருக்கும் அளவில் பாதிதான் கணக்கு. ஒருவருக்கு 1 லிட்டர், அதாவது ஐந்தரைக் கப் மாடல் தாராளம்.

கரண்ட் விஷயம் நம் பக்கத்தில் முக்கியம். இந்தக் குக்கர்கள் 1000 வாட்டுக்கு மேல் இழுக்கும். மிக்ஸி போடும் சின்ன பிளக்கில் போடாதீர்கள், 16 ஆம்பியர் பிளக் வேண்டும், எர்த் சரியாக இருக்க வேண்டும். சாதாரண வீட்டு இன்வெர்ட்டரில் ஓடாது. எங்கள் ஊரில் மாலையில் வோல்டேஜ் படுத்துவிடும், மழைக்காலத்தில் போய்ப் போய் வரும். முதல் குக்கர் போனது அதனால்தான் என்று எலக்ட்ரீஷியன் சொன்னார். இப்போது ஸ்டெபிலைசர் போட்டிருக்கிறேன், வேலை முடிந்ததும் பிளக்கைப் பிடுங்கிவிடுகிறோம். பில்லை நினைத்துப் பயப்பட வேண்டாம். ஒருமுறை மீட்டரைப் பார்த்தேன், ஒரு வேளைச் சோற்றுக்கு அரை யூனிட்டைத் தொடவில்லை. ஆனால் கேஸ் அடுப்பையும் பழைய பானையையும் தூக்கி எறிந்துவிடாதீர்கள். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது எங்கள் பக்கம் நாள்கணக்கில் கரண்ட் இல்லை. அப்போது சோறு போட்டது பானைதான்.

டைமர் எனக்குப் பெரிய வரம். ராத்திரி அரிசி களைந்து வைத்தால் காலை ஆறரைக்குச் சோறு தயார். மார்கழி, தையில் கவலையே இல்லை. கத்திரி வெயிலில் மட்டும் வேண்டாம். எட்டு மணி நேரம் அந்தப் புழுக்கத்தில் ஊறினால் தண்ணீர் புளிக்கத் தொடங்கிவிடும், சோற்றில் வாடை அடிக்கும். சித்திரை, வைகாசியில் நாங்கள் நாலரைக்கு எழுந்துதான் போடுகிறோம்.

அப்புறம் தண்ணீர். முத்துப்பேட்டையில் என் நாத்தனார் வீட்டில் இதே குக்கர்தான், சோறு மஞ்சள் பாரித்தது. குக்கரைக் குறை சொன்னார்கள். போர் தண்ணீரை விட்டுவிட்டுக் குடிதண்ணீரில் வைத்துப் பார்த்தார்கள், அன்றே வெள்ளையாக வந்தது. காரம் கூடிய தண்ணீரில் அரிசி அப்படித்தான் மஞ்சளாகும்.

சூட்டோடு வைத்திருக்கும் ‘வார்ம்’ வசதியில் மதியம் வரை நன்றாக இருக்கும். ராத்திரி வரை விட்டால் ஓரம் காய்ந்து பழுப்பாகும். அதற்காக வார்மை அணைத்துவிட்டுச் சோற்றை மூடி உள்ளேயே வைத்துவிடக் கூடாது. வெந்த சோற்றிலும் பிழைத்திருக்கும் கிருமி வித்துகள் உண்டு, வெதுவெதுப்பில் பெருகும், வயிற்றைக் கெடுக்கும். ஒன்று சூடாக இருக்கட்டும், இல்லாவிட்டால் வெளியே எடுத்துவிடுங்கள். பழைய சோற்றுக்குத் தண்ணீர் ஊற்றுவதை மண்சட்டியில் செய்யுங்கள், குக்கர் பாத்திரத்தில் ஊற்றினால் மூடி ரப்பரில் புளிப்பு வாடை ஏறி, என்ன தேய்த்தாலும் போகாது. அந்தப் பாத்திரத்துக்குள் அரிசி களைவது, எவர்சில்வர் கரண்டி விடுவது இரண்டும் வேண்டாம், பூச்சு உரியும். பிரஷர் மாடலில் பருப்பும் வெல்லமும் போட்டுப் பொங்கல் செய்யவே செய்யாதீர்கள், நுரை ஏறி ஆவித் துளை அடைத்துக்கொள்ளும். உள்மூடியைத் தினம் கழற்றிக் கழுவ வேண்டும். அது உங்கள் அம்மாவின் விரலுக்கு வருகிறதா என்று வாங்குவதற்கு முன் கடையில் பார்த்துவிடுங்கள்.

குக்கரில் கஞ்சி வடிக்க முடியாது. எல்லாமே சோற்றுக்குள் நின்றுவிடும். வடித்த சோற்றில் பழகிய நாக்குக்கு முதலில் கொஞ்சம் கனமாகத் தெரியும். அத்தை ஒரு மாதம் பாதி வயிறுதான் சாப்பிட்டார். அவருக்கு இன்னொரு வருத்தமும் இருந்தது. கஞ்சியில் உப்பு போட்டுக் காலையில் ஒரு டம்ளர் குடிப்பார், மிச்சம் கழுநீரோடு சேர்ந்து மாட்டுக்குப் போகும். இப்போது ஞாயிற்றுக்கிழமை நான் வீட்டில் இருக்கும்போது அடுப்பில் உலை வைக்கிறோம். பதம் அவர் சொல்கிறார், வடிப்பது நான்.

உங்கள் அம்மா விஷயத்தில் ஒன்று செய்யுங்கள். குக்கரைக் கூரியரில் அனுப்பாதீர்கள். நாலு நாள் லீவு போட்டுக் கையோடு எடுத்துப் போங்கள். அவர்கள் வீட்டு அரிசியில், அவர்கள் வீட்டுத் தண்ணீரில் நாலு நாளும் சேர்ந்து வைத்துப் பாருங்கள். சரியாக வந்த அன்று, எந்தப் பொத்தான், ஒரு ஆழாக்கு அரிசிக்கு எத்தனை ஆழாக்குத் தண்ணீர் என்று பெரிய எழுத்தில் தமிழில் எழுதி மூடியில் ஒட்டிவிடுங்கள். எங்கள் குக்கரில் பிரவுன் ரைஸ் பொத்தானுக்கு மேல் ஒரு சிவப்பு ஸ்டிக்கர் பொட்டு இருக்கிறது. அத்தையே ஒட்டியது.