ஹெட் போர்ட்டைக் குடைய எந்த கிரைண்டர், எந்த பர்?

கேள்வி: என்னிடம் பழைய பைக் ஒன்றின் அலுமினிய ஹெட் (சிலிண்டரின் மேல்மூடி) இருக்கிறது; ஒற்றை சிலிண்டர், இரண்டு வால்வு. அது முடிந்ததும் ஒரு கார் எஞ்சினின் வார்ப்பிரும்பு ஹெட்டிலும் கை வைக்க ஆசை. போர்ட்டுகளை, அதாவது ஹெட்டுக்குள் காற்றும் புகையும் போகும் வழிகளை, நானே சீர்செய்ய நினைக்கிறேன். வீட்டில் டிரில்லும் ஆங்கிள் கிரைண்டரும் உண்டு. அவை போதுமா? சின்ன ரோட்டரி டூல் வாங்கலாமா, இல்லை காற்றில் ஓடும் டை கிரைண்டர்தான் வேண்டுமா? உள்ளே கண்ணாடி மாதிரி பாலிஷ் செய்ய வேண்டும் என்கிறார்களே, அது உண்மையா?

பதில்: முதலில் ஆங்கிள் கிரைண்டரை அலமாரியில் வைத்துப் பூட்டிவிடுங்கள். போர்ட்டுக்குள் அது நுழையவே நுழையாது. ஹெட்டின் அடித்தளத்தை அதை வைத்துத் தேய்த்துச் சமமாக்கலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கேஸ்கட் உட்காரும் தளம் கையால் சமமாகிற விஷயம் இல்லை, அது மெஷின் வேலை.

டிரில்லை மட்டும் வெளியே வைத்திருங்கள், கடைசிக் கட்டத்தில் அதற்கு ஒரு வேலை இருக்கிறது. ஆனால் குடையும் வேலைக்கு ஆகாது. டிரில்லின் வேகம் பெரும்பாலும் நிமிடத்துக்கு 3,000 சுற்றுக்குள்தான். கார்பைடு பர் (தண்டின் முனையில் பற்கள் கொண்ட வெட்டும் தலை) அந்த வேகத்தில் உலோகத்தைச் சீவாது, பல் மாட்டி மாட்டித் துள்ளும். தவிர, டிரில் நேராக அழுத்துவதற்குச் செய்யப்பட்டது. பக்கவாட்டில் அழுத்திக்கொண்டே இருந்தால் அதன் சக்கும் பேரிங்கும் சீக்கிரம் ஆட்டம் காணும்.

சரி, எதை வாங்குவது? எல்லோரும் மோட்டாரில் ஆரம்பிக்கிறார்கள். நான் பர்ரில் ஆரம்பிக்கச் சொல்வேன். சுமாரான மோட்டாரில் நல்ல பர்ரை மாட்டினால் வேலை நடக்கும், என்ன கொஞ்சம் நேரமாகும். அருமையான மோட்டாரில் தவறான பர்ரை மாட்டினால் ஹெட்தான் பாழாகும்.

கார்பைடு பர்ரில் உங்களுக்கு வேண்டியவை இரண்டு வகை. ஒன்று அலுமினியத்துக்கென்றே வருவது: பற்கள் குறைவு, இடைவெளி அகலம், ஒரே திசையில் சாய்ந்திருக்கும். மற்றது இரட்டை வெட்டு: பற்கள் குறுக்கும் நெடுக்குமாக வைரக் கட்டம் போல இருக்கும். வார்ப்பிரும்புக்கும் எஃகுக்கும் இதுதான். இந்த இரட்டை வெட்டுப் பர்ரை அலுமினியத்தில் வைத்தால் சிறிது நேரத்திலேயே பல்லிடுக்கு முழுவதும் உலோகம் அப்பிக்கொள்ளும். அதன் பிறகு அது வெட்டாது, உரசிச் சூடேற்றும், அவ்வளவுதான். அலுமினியத்துக்கு உரிய பர்கூட உலர்ந்த நிலையில் ஓரளவு அப்பும். அதனால் ஓடாமல் நிற்கும் பர்ரை மெழுகுவர்த்தியில் நன்றாகத் தேய்த்துவிட்டுத் தொடங்குங்கள், நடுநடுவே மறுபடி தேய்த்துக்கொள்ளுங்கள். மண்ணெண்ணெயும் இதற்கு உதவும் என்றாலும், மூடிய அறையில் சுழலும் கருவிக்குப் பக்கத்தில் அதை வைத்துக்கொள்ள எனக்கு மனமில்லை. மெழுகே போதும். வார்ப்பிரும்பை உலர்வாகவே வெட்டலாம். கருப்புத் தூள் கொட்டும், பர் அடைக்காது.

இந்தக் கல் பிட்டுகளை, அதாவது தண்டில் ஒட்டிய சின்னச் சாணைக்கற்களை, அலுமினியத்தில் தொடவே தொடாதீர்கள். துளைகளில் அலுமினியம் ஏறி, கல் வழவழப்பாகிச் சூடாகும். வார்ப்பிரும்பில் அவற்றுக்கு வேலை உண்டு.

வடிவங்களைப் பார்த்து மயங்க வேண்டாம். இருபது பர் அடங்கிய பெட்டி வாங்கினால் அதில் பதினாறு தூங்கும். முனை உருண்ட, தீச்சுடர் போலவோ முட்டை போலவோ இருக்கும் ஒரு பர், முனை உருண்ட உருளை ஒன்று, இந்த இரண்டிலேயே பெரும்பாலான வேலை முடிந்துவிடும். முனை தட்டையாக வெட்டிய உருளை மட்டும் வேண்டாம். அதன் ஓரம் போர்ட் சுவரில் படிக்கட்டு வெட்டிவிடும். பந்து வடிவம் குழி பறிக்கும்; வால்வு கைடு (வால்வுத் தண்டு ஏறி இறங்கும் குழல்) தலைநீட்டும் மேட்டைச் சுற்றி வர அது கைகொடுக்கும், நீளமான சுவரை அதைக் கொண்டு சமப்படுத்த முயன்றால் அம்மைத் தழும்பு போல ஆகிவிடும்.

தண்டின் நீளத்தையும் யோசியுங்கள். பைக் ஹெட்டின் போர்ட் குட்டையானது, வெளிவாயிலிலிருந்தும் வால்வுப் பக்கத்திலிருந்தும் மாறி மாறி உள்ளே போனால் சாதாரண நீளப் பர்ரே நடுவில் சந்தித்துவிடும். கார் ஹெட்டுக்கு 150 மி.மீ. நீளத் தண்டுள்ள பர் தேவைப்படலாம். இதில்தான் பலர் சூடு கண்டிருக்கிறார்கள். நீளத் தண்டை வெற்று வெளியில் முழு வேகத்தில் ஓடவிட்டால் முனையின் எடை அதை வெளியே இழுக்கும், ஒரு நொடியில் தண்டு எல் எழுத்து மாதிரி மடங்கிக் கையையோ முகத்தையோ பதம் பார்க்கும். பர்ரை முதலில் போர்ட்டுக்குள் வைத்துச் சுவரில் தொட்டுக்கொண்டு, குறைந்த வேகத்தில் தொடங்க வேண்டும். வெளியே எடுக்கும் முன் சுழற்சி நின்றிருக்க வேண்டும். அதனால், வேகத்தைக் குறைக்கும் வசதி இல்லாத கருவியில் நீளத் தண்டை மாட்டவே கூடாது.

இப்போது மோட்டாருக்கு வருவோம்.

சின்ன ரோட்டரி டூல் பிடிக்கும் தண்டின் விட்டம் வழக்கமாக 3.2 மி.மீ. வேகம் 30,000 சுற்றையும் தாண்டும், ஆனால் முறுக்கு விசை குறைவு. கொஞ்சம் அழுத்தினாலே வேகம் விழும், கருவியின் உடம்பு சூடாகும். உங்கள் ஒற்றை சிலிண்டர் அலுமினிய ஹெட்டுக்கு இது போதும், பொறுமை இருந்தால். பத்து நிமிடம் ஓட்டி, ஆறவிட்டு, மறுபடி ஓட்டுங்கள். மெதுவாக வெட்டுவது முதல் ஹெட்டுக்கு ஒரு பாதுகாப்பும்கூட. தப்பு செய்வதற்கும் நேரம் பிடிக்கும் அல்லவா? வார்ப்பிரும்பு ஹெட்டில் மட்டும் இதை நம்பி இறங்காதீர்கள்.

காற்றில் ஓடும் டை கிரைண்டர் கைக்கு இலகு, ஓட ஓடக் குளிர்ச்சியாகவே இருக்கும், நெம்புகோலை அழுத்தும் அளவுக்கேற்ப வேகம் மாறும். பட்டறைகளில் இதைத்தான் விரும்புவார்கள். வீட்டில் சிக்கல் கம்ப்ரசர்தான். பெட்டியில் அச்சிட்டிருக்கும் காற்றுச் செலவு பெரும்பாலும் விட்டுவிட்டு ஓட்டும் கணக்கு. போர்ட் வேலையில் தொடர்ந்து அழுத்திக்கொண்டிருப்பீர்கள், உண்மையான செலவு அதைப் போல் பல மடங்கு. 50 லிட்டர் தொட்டியுள்ள சின்ன கம்ப்ரசர் மூச்சுவாங்கும். ஒரு நிமிடம் வெட்டிவிட்டு மூன்று நிமிடம் காத்திருப்பது எரிச்சல் மட்டுமில்லை, அந்த எரிச்சலில் கை அவசரப்படும். பெரிய கம்ப்ரசர் ஏற்கெனவே இருந்தால் எடுங்கள். இதற்காகவே வாங்குவது வீண்.

மின்சாரத்தில் ஓடும் நேர் டை கிரைண்டர், 6 மி.மீ. கோலெட்டும் (பர் தண்டைக் கவ்வும் பிடி) வேகக் கட்டுப்பாடும் உள்ளது: உங்கள் இரண்டு ஹெட்டையும் சேர்த்துப் பார்த்தால் என் தேர்வு இதுதான். வேகக் கட்டுப்பாடு இல்லாத மாடல் மலிவாகக் கிடைத்தாலும் விட்டுவிடுங்கள். 12 மி.மீ. தலையுள்ள பர் 25,000 சுற்றில் ஓடும்போது அதன் விளிம்பு நிமிடத்துக்கு 940 மீட்டர் போகிறது, 6 மி.மீ. தலை அதில் பாதிதான். தலை பெருக்கப் பெருக்க வேகத்தைக் குறைக்க வேண்டும் என்பதற்கு இந்தக் கணக்கே போதும். இந்தக் கருவியின் குறை அதன் எடை. ஒரு கையால் நெடுநேரம் பிடித்தால் மணிக்கட்டு சொல்லும். ஹெட்டைப் பெஞ்சில் நன்றாகப் பிணைத்துவிட்டு, இரண்டு கைகளாலும் பிடித்து, முழங்கையை ஊன்றி வேலை செய்யுங்கள்.

இன்னொன்று, மோட்டாரை மேலே தொங்கவிட்டு, வளையும் தண்டு வழியாகக் கைப்பிடிக்குச் சுழற்சி வரும் கருவி. நகை செய்பவர்கள் வைத்திருப்பார்களே, அதுதான். கையில் பேனா பிடிப்பது போலத்தான் எடை, வேகம் காலடியில். நுணுக்கம் என்று பார்த்தால் இதற்கு ஈடில்லை. அலுமினியம் மட்டும் செய்பவராக இருந்தால் இதையே சொல்லியிருப்பேன்.

எந்தக் கருவியானாலும் பர் சுழலும் திசைக்கு எதிர்ப்பக்கமாக நகர்த்துங்கள். அதே திசையில் நகர்த்தினால் பர் சுவரில் சக்கரம் போல ஏறி ஓடிவிடும். என் முதல் ஹெட்டில் அப்படித்தான் ஓடியது. ஓடிய வழியில் வால்வு சீட்டில், அதாவது வால்வு வந்து மூடி உட்காரும் வளையத்தில், ஒரு வடு. வடு என்னவோ நகக்கண் அளவுதான், அதற்காக சீட்டையே மறுபடி வெட்டக் கொடுக்க வேண்டியதாயிற்று. அதிலிருந்து என் வரிசை: போர்ட் வேலை முதலில், சீட் வெட்டுவது கடைசியில். நீங்களும் சீட் வெட்டக் கொடுப்பதாக இருந்தால் அதற்கு முன்பே குடைந்துவிடுங்கள். எரிஅறைப் பக்கம் வேலை செய்யும்போது பழைய வால்வு ஒன்றைச் சீட்டில் உட்காரவைத்தால் அது கேடயமாக இருக்கும். வால்வைக் குறைக்கவோ வெட்டவோ போகாதீர்கள், சில எக்சாஸ்ட் வால்வுகளின் உள்ளே சோடியம் அடைத்திருக்கும்.

எவ்வளவு குடைவது என்பது நீங்கள் கேட்காத கேள்வி, ஆனால் கருவித் தேர்வே அதைப் பொறுத்தது. நீங்கள் நினைப்பதைவிடக் குறைவு. பலன் அதிகம் கிடைப்பது சீட்டுக்குக் கீழே உள்ள கிண்ணம் போன்ற பகுதியில்: ஃபேக்டரியில் மெஷின் வெட்டிய இடமும் வார்ப்பு இடமும் சந்திக்கும் விளிம்பை மழுக்குவது, கைடைச் சுற்றியுள்ள மேட்டை ஒடுக்குவது. அந்தப் பகுதியின் மிகக் குறுகிய இடத்தின் விட்டம் வால்வு விட்டத்தில் 85 முதல் 90 சதவீதத்துக்குள் நிற்கட்டும். 30 மி.மீ. வால்வுக்கு ஏறத்தாழ 26 மி.மீ. வாயிலைப் பெரிதாக்கினால் காற்று நிறையப் போகும் என்று நினைத்துக் குடைந்தால், காற்றின் வேகம் விழுந்து குறைந்த சுற்றில் இழுவை போய்விடும். போர்ட் வளையும் இடத்தில் உட்புற வளைவை, அதாவது குட்டை வளைவின் தரையை, சொரசொரப்பு நீக்குவதோடு விட்டுவிடுங்கள். அதைத் தாழ்த்தினால் காற்று அங்கே சுவரைவிட்டுப் பிரியும். கார் ஹெட்டில் சுவருக்கு அந்தப் பக்கம் தண்ணீர் ஓடுகிறது என்பதும் நினைவிருக்கட்டும். கேஸ்கட்டின் ஓட்டையை வரைந்துகொண்டு அதுவரை வெட்டும் வழக்கமும் கண்மூடிச் செய்வதற்கில்லை. பல கேஸ்கட்டுகளின் ஓட்டை போர்ட்டைவிட வேண்டுமென்றே பெரிதாக இருக்கும்.

இனி டிரில். பர் விட்ட வரிகளைச் சமன்செய்ய, உப்புத்தாள் சுருட்டிய கூம்புச் சுருள்கள் கிடைக்கும். இல்லாவிட்டால் ஓர் எஃகுக் கம்பியின் முனையைப் பிளந்து, துணி எமரியை அதில் செருகிச் சுற்றிக்கொள்ளலாம், சுழலும்போது இறுகும் திசையில். டிரில்லின் மெதுவான வேகம் இதற்குச் சரியாக இருக்கும். 60 அல்லது 80 எண் உப்புத்தாளோடு நிறுத்துங்கள். கார்புரேட்டர் எஞ்சினின் உள்ளிழுக்கும் போர்ட்டில் கண்ணாடிப் பாலிஷ் தேவையே இல்லை. வழவழப்பான சுவரில் பெட்ரோல் துளிகள் படலமாக ஒட்டி வழியும், லேசான சொரசொரப்பு அவற்றைக் காற்றோடு கலந்திருக்க உதவும். எக்சாஸ்ட் பக்கம் வேண்டுமானால் பளபளப்பாக்கிக்கொள்ளுங்கள், கரி சற்றுக் குறைவாக ஒட்டும். பெருமையாகப் படம் எடுத்துக்கொள்ளவும் ஆகும்.

கண்ணுக்குப் பக்கவாட்டிலும் மூடிய கண்ணாடி, மூக்குக்கு முகமூடி இரண்டும் கட்டாயம். அலுமினியச் சீவல்கள் ஊசி மாதிரி தோலில் ஏறும் என்பதற்காகத் தொளதொள கையுறை மாட்டாதீர்கள், சுழலும் தண்டு அதைக் கவ்வி இழுக்கும். அலுமினியத் தூள் குவிந்த இடத்தில் இரும்பைத் தேய்த்துத் தீப்பொறி கிளப்பவும் கூடாது, ஒரு ஹெட்டை முடித்துப் பெஞ்சைத் துடைத்த பிறகே மற்றதை எடுங்கள்.

முடிந்ததும் ஹெட்டைச் சோப்புப்போட்ட வெந்நீரில் கழுவி, எண்ணெய் வழிகள் ஒவ்வொன்றிலும் மெல்லிய பிரஷ் விட்டு, காற்றடித்து உலர்த்துங்கள். எமரித் துகள் ஒன்று எண்ணெயோடு போனாலும் பேரிங்கைக் கீறிவிடும். பிறகு வெள்ளைத் துணியில் இரண்டு சொட்டு மெல்லிய எண்ணெய் விட்டுப் போர்ட்டையும் கைடு துளையையும் துடைத்துப் பாருங்கள். துணியில் சாம்பல் நிறம் தெரிந்தால் மறுபடி கழுவுங்கள். வால்வு மாட்டுவதெல்லாம் துணி வெள்ளையாக வந்த பிறகுதான்.