பிரெஞ்சு வதிவிட அட்டையோடு டப்ளின் போகலாமா?

கேள்வி: நான் பிரெஞ்சுக் குடியுரிமை உள்ளவன், பாரிஸில் வசிக்கிறேன். மனைவியிடம் இலங்கைக் கடவுச்சீட்டும் பத்து வருட பிரெஞ்சு வதிவிட அட்டையும் இருக்கின்றன. அதை வைத்தே ஜெர்மனி, இத்தாலி போய் வந்தோம். அக்கா மகளின் கல்யாணத்துக்கு டப்ளின் போக வேண்டும். மனைவிக்கு விசா எடுக்கச் சொல்கிறார் பயண முகவர். ஐரோப்பியக் குடிமகனின் மனைவிக்கு எதற்கு விசா?

பதில்: முகவர் சொல்வது சரிதான். ஜெர்மனியும் இத்தாலியும் ஷெங்கன் நாடுகள், அதாவது தமக்கிடையே எல்லைச் சோதனையை நீக்க ஒப்பந்தம் செய்துகொண்ட நாடுகள். அங்கே பிரெஞ்சு வதிவிட அட்டை இருந்தால், 180 நாளில் 90 நாள் வரை விசா இல்லாமல் தங்கலாம். அயர்லாந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் இருக்கிறது, ஷெங்கனில் இல்லை. அங்கே அந்த அட்டை செல்லாது.

உங்களுக்குச் சிக்கல் இல்லை. காலாவதியாகாத அடையாள அட்டையே போதும், மூன்று மாதம் வரை யாரும் காரணம் கேட்க முடியாது. மனைவியின் உரிமை 2004/38 இலக்க ஒன்றியச் சட்டத்திலிருந்து வருகிறது. அதன் 10ஆம் பிரிவின்படி கொடுக்கப்பட்ட, 'ஒன்றியக் குடிமகனின் குடும்ப உறுப்பினர்' என்று எழுதியிருக்கும் அட்டை இருந்தால் விசா தேவையில்லை. ஆனால் குடிமகன் சொந்த நாட்டை விட்டு வேறொரு உறுப்பு நாட்டில் வாழும்போதுதான் பொதுவாக அந்த அட்டை கிடைக்கும். பிரெஞ்சுக்காரரான நீங்கள் பிரான்ஸிலேயே இருப்பதால், மனைவிக்குக் கிடைத்தது பிரெஞ்சு உள்நாட்டுச் சட்டப்படியான அட்டை. நீங்கள் பெர்லினில் குடியிருந்திருந்தால் இந்தக் கேள்வியே வந்திருக்காது! வேடிக்கையான சட்டம்தான், என்ன செய்வது.

அதற்காக மனம் தளர வேண்டாம். உங்களோடு வரும், அல்லது அங்கே உங்களிடம் வந்து சேரும் மனைவிக்கு விசாவைக் கட்டணமின்றி, விரைவாகக் கொடுக்க வேண்டும் என்று அதே சட்டத்தின் 5ஆம் பிரிவு சொல்கிறது. சாதாரணச் சுற்றுலா விசாவாக விண்ணப்பித்துக் காசு கட்டிவிடாதீர்கள். ஒன்றியக் குடிமகனின் துணைவி என்று விண்ணப்பத்திலேயே எழுதுங்கள். திருமணச் சான்றிதழ், அதன் ஆங்கில மொழிபெயர்ப்பு, உங்கள் கடவுச்சீட்டின் பிரதி, சேர்ந்து பயணம் செய்வதற்கான ஆதாரம் ஆகியவற்றை இணையுங்கள். நீங்கள் அங்கே போகாமல் அவர் மட்டும் போய்த் திரும்புவதென்றால் இந்தச் சலுகை பொருந்தாது.

விசா கைக்கு வரும்வரை, பணம் திரும்பக் கிடைக்காத விமானச்சீட்டை வாங்க வேண்டாம். எல்லை அதிகாரியைப் பார்ப்பதற்கு முன்பே, விமான நிறுவன ஊழியர் பாரிஸிலேயே நிறுத்திவிடுவார். லண்டன் வழியாக மலிவாகக் கிடைத்தாலும் தவிர்த்துவிடுங்கள். பிரிட்டன் இப்போது ஒன்றியத்துக்கு வெளியே, அங்கே மனைவிக்கு வேறு விசா கேட்பார்கள்.