வாசகர் கேள்வி: ஜெர்மனியில் படிக்கும் தோழியைப் பார்க்கப் போகலாமா?

கேள்வி: அக்கா, எனக்கு 26 வயது, கோவையில் ஐடி வேலை. ஆறாம் வகுப்பிலிருந்து கூடவே படித்த என் உயிர்த்தோழி ஒன்றரை வருடமாக ஜெர்மனியில், ஆஹன் நகரத்தில் மாஸ்டர்ஸ் படிக்கிறாள். போன நாளிலிருந்து "எப்போடி வர்றே" என்று நச்சரித்தவள்தான். இப்போது பிப்ரவரியில் மூன்று வாரம் லீவு கிடைக்கும், வரட்டுமா என்று கேட்டால் "வாடி, பார்த்துக்கலாம்" என்று ஒரே வரியில் முடித்துக்கொள்கிறாள். டிக்கெட் விலையை அனுப்பினால் ப்ளூ டிக் மட்டும் விழுகிறது. மாறிவிட்டாளா? போகலாமா வேண்டாமா? விசாவுக்கு என்ன செய்ய வேண்டும்? (எஸ்., கோவை)

பதில்: அவள் மாறவில்லை. அவளுக்குப் பரீட்சை.

அங்கே குளிர்கால செமஸ்டர் வகுப்புகள் அக்டோபரில் தொடங்கி பிப்ரவரி தொடக்கத்தில் முடியும், உடனே தேர்வுகள், அது மார்ச் வரைக்கும் இழுக்கும். நம் ஊர் மாதிரி பத்து நாளில் அடுத்தடுத்து எழுதிவிட்டுத் தலைமுழுகும் சமாசாரம் இல்லை. இன்றைக்கு ஒன்று, பன்னிரண்டு நாள் கழித்து ஒன்று, அப்புறம் மார்ச்சில் ஒன்று என்று விட்டு விட்டு வரும். இன்டர்னல் மார்க் கைகொடுக்கும் என்ற நம்பிக்கையும் பெரும்பாலும் கிடையாது, அந்த ஒரு பரீட்சைதான் மொத்த மதிப்பெண். பல பல்கலைக்கழகங்களில் ஒரு பாடத்தை மூன்று முறைதான் எழுத முடியும், மூன்றாவதிலும் போனால் அந்தப் படிப்பையே விட்டுவிட வேண்டியதுதான். இப்படிப்பட்ட மாதத்தில் மூன்று வாரம் வருகிறேன் என்று நீங்கள் டிக்கெட் விலை அனுப்பினால் பாவம் அவள் என்னதான் பதில் போடுவாள்?

இதை நான் அனுபவத்தில் சொல்கிறேன். பல வருடங்களுக்கு முன் நானும் இதே பிப்ரவரியில்தான் என் தோழி படித்த ஊருக்குப் போய் இறங்கினேன். ஸ்டேஷனுக்கு வந்து கட்டிப்பிடித்து, பெட்டியை வாங்கி, அவள் கட்டிலை எனக்குக் கொடுத்துவிட்டுக் கீழே மெத்தை போட்டுப் படுத்தாள். இரண்டாவது நாள் ராத்திரி மூன்று மணிக்குத் தண்ணீர் குடிக்க எழுந்தால் கீழே ஆளைக் காணோம். அந்த மாடியில் எட்டுப் பேருக்கும் பொதுவான சமையலறையில் விளக்கெரிகிறது. போர்வையைச் சுற்றிக்கொண்டு, ஹீட்டரை ஒட்டி நாற்காலியைப் போட்டு, மடியில் கத்தையாகக் காகிதத்தோடு உட்கார்ந்திருக்கிறாள். டீ ஆறிப்போய் மேலே ஆடை கட்டியிருந்தது. ரூமில் லைட் போட்டால் என் தூக்கம் கெடுமாம். ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்த காலண்டரில் வியாழக்கிழமையைச் சுற்றிச் சிவப்பு வட்டம், அந்த வியாழக்கிழமைதான் கொலோன் போய் தேவாலயக் கோபுரத்தில் 533 படி ஏறலாம் என்று எனக்கு வாக்குக் கொடுத்திருந்தாள். ஏன்டி சொல்லவில்லை என்று கேட்டேன். "நீ டிக்கெட் போட்டுட்டேன்னு சொன்னப்புறம் எப்படிடி சொல்றது?" அந்தப் பாடத்தை அவள் அடுத்த செமஸ்டரில் மறுபடியும் எழுதினாள். அதற்கும் நான் வந்ததற்கும் சம்பந்தமில்லை என்று இன்றுவரை சாதிக்கிறாள்.

அதனால் "வரட்டுமா" என்று இனி கேட்காதீர்கள். நெருங்கிய தோழியிடம் அந்தக் கேள்விக்கு வா என்பதைத் தவிர வேறு பதில் வராது. "உனக்குக் கடைசிப் பரீட்சை எந்தத் தேதி?" என்று கேளுங்கள், ப்ளூ டிக் என்ன, பத்து நிமிஷ வாய்ஸ் மெசேஜே வரும். மார்ச் கடைசியில் தேர்வு முடிந்து ஏப்ரல் வகுப்பு தொடங்கும் முன் ஒரு சந்து கிடைக்கும். இல்லையென்றால் மே, ஜூன்: வகுப்பு இருக்கும், ஆனால் தலைக்குமேல் கத்தி இருக்காது, ராத்திரி ஒன்பதரை மணிக்கும் வெளிச்சம் போகாது. ஜூலை நடுவில் வகுப்பு முடிந்ததும் மறுபடி தேர்வு, அதையும் தவிர்த்துவிடுங்கள்.

அப்புறம், மூன்று வாரமும் அவளோடேதான் என்ற நினைப்பையும் கொஞ்சம் சுருக்குங்கள். நம் பிள்ளைகள் விசாவுக்காக ப்ளாக்டு அக்கவுண்டில் போட்டுவிட்டுப் போகும் பணம் வருடத்துக்கு 11,904 யூரோ, மாதம் 992 யூரோதான் அதிலிருந்து கைக்கு வரும். வாடகை, காப்பீடு, சாப்பாடு எல்லாம் அதற்குள். போதாததற்கு வேலைக்குப் போவார்கள், அதற்கும் வருடத்துக்கு 140 முழு நாள் அல்லது 280 அரை நாள் என்று கணக்கு இருக்கிறது. நீங்கள் போகும் வாரத்தில் அவள் ஷிஃப்டை விட்டுக்கொடுத்தால் அது அவள் மளிகைக் காசு. ஐந்தாறு நாள் அவள் ரூமில் இருங்கள், மளிகையை நீங்கள் வாங்குங்கள், மீதி நாளுக்கு ஆம்ஸ்டர்டாமோ பாரிஸோ தனியாகப் போய்விட்டு, கிளம்புவதற்கு முன் இரண்டு நாள் திரும்பி வந்து அவளோடு இருங்கள். ஆஹனை நான் தேர்ந்தெடுத்துச் சொல்லியிருக்க மாட்டேன், ஆனால் உங்கள் அதிர்ஷ்டம் நல்ல ஊர். சார்லமேன் மன்னரைப் புதைத்த தேவாலயம் ஊர் நடுவில் இருக்கிறது, 1978-இல் வெளிவந்த யுனெஸ்கோவின் முதல் பட்டியலிலேயே இடம்பெற்றது. பக்கத்திலேயே எலிசன்புருன்னன் என்ற மண்டபத்தில் வெந்நீர் ஊற்று, அழுகிய முட்டை வாசம் வரும், கந்தகம், மூக்கைப் பிடித்துக்கொண்டு கையை நனைத்துப் பாருங்கள். ஜெர்மனி, பெல்ஜியம், நெதர்லாந்து மூன்றும் சந்திக்கும் இடமும் ஊரை ஒட்டித்தான்.

விசா: ஜெர்மனி உட்படப் பல ஐரோப்பிய நாடுகளுக்கும் பொதுவான குறுகிய கால ஷெங்கன் விசா, 180 நாளில் அதிகபட்சம் 90 நாள் தங்கலாம். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம், 15 நாளுக்குள் என்றால் ஏற்க மாட்டார்கள். கட்டணம் 90 யூரோ, விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம் தனி, விசா மறுத்தாலும் திரும்பாது. தோழியிடமிருந்து அழைப்புக் கடிதம், அவளுடைய பாஸ்போர்ட், வசிப்பிட அனுமதி அட்டை, மாணவி என்ற சான்றிதழ் இவற்றின் நகல்கள். உங்களிடமிருந்து பேங்க் ஸ்டேட்மெண்ட், சம்பளச் சீட்டு, வருமான வரித் தாக்கல், ஆபீஸிலிருந்து லீவு கொடுத்த கடிதம், குறைந்தது 30,000 யூரோவுக்கான மருத்துவக் காப்பீடு. இதில் லீவுக் கடிதத்தை லேசாக நினைக்காதீர்கள். கல்யாணமாகாத 26 வயதுக்காரி, அங்கே ஒரு தோழி என்றால் அதிகாரிக்கு முதலில் தோன்றும் சந்தேகம் திரும்பி வருவாளா என்பதுதான். இந்தத் தேதிக்கு வேலைக்குத் திரும்புவார் என்று ஆபீஸ் எழுதிக்கொடுத்தால் அதைவிட நல்ல பதில் இல்லை.

பிராங்க்ஃபர்ட் விமான நிலையத்துக்கு அவளை வரச் சொல்லாதீர்கள், கைரேகையும் முகமும் பதியும் புதுமுறை 2025 அக்டோபரில் தொடங்கியிருக்கிறது, வரிசை எப்போது நகரும் என்று சொல்ல முடியாது. நீங்களே கொலோன் போய் ரயில் மாறி ஆஹன் ஸ்டேஷனில் இறங்குங்கள், அங்கே நிற்கட்டும் அவள்.

கேள்வி: நண்பனைப் பார்க்க ஜெர்மனி போகிறேன். அவன் கேட்டிருப்பது: நெய், ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா, கறிவேப்பிலை, என் அம்மா போடும் மட்டன் ஊறுகாய். கொண்டுபோகலாமா? (ஆர்., மதுரை)

பதில்: நான்குமே கூடாது. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வரும் பயணி இறைச்சியும் பால் பொருளும் கொண்டுவரக் கூடாது, அதில் நெய்யும் பால்கோவாவும் மட்டன் ஊறுகாயும் அடிபட்டுப் போகின்றன. பச்சை இலை, பழம் என்றால் தாவரச் சுகாதாரச் சான்று வேண்டும். இதற்கு விலக்கு உள்ளவை ஐந்தே பழங்கள்: அன்னாசி, தேங்காய், டுரியான், வாழை, பேரீச்சை. ஆக மதுரையிலிருந்து ஒரு சீப்பு வாழைப்பழம் தூக்கிக்கொண்டு போகலாம், ஒரு கொத்து கறிவேப்பிலை முடியாது. சட்டம் அப்படி.

பருப்புப்பொடி, கறிவேப்பிலைப்பொடி, அப்பளம், வடகம், புளிக்காய்ச்சல் எடுத்துக்கொள்ளுங்கள், புளிக்காய்ச்சல் பாட்டிலை இரண்டு கவரில் கட்டி பெட்டிக்குள் வையுங்கள், கைப்பையில் வேண்டாம். அவன் கேட்க மறந்த ஒன்று இருக்கும், குக்கர் கேஸ்கெட். எந்த பிராண்ட், எத்தனை லிட்டர் என்று கேட்டுக்கொண்டு இரண்டு வாங்கிப் போங்கள். மூக்குக்கண்ணாடி போடுகிறவன் என்றால் பவரையும் கேளுங்கள், அங்கே கண்ணாடி மாற்றும் செலவைப் பார்த்துப் பழைய கீறல் விழுந்ததையே போட்டுக்கொண்டு திரிவார்கள்.

கேள்வி: நான் டிரெஸ்டனில் படிக்கிறேன் அக்கா. திருச்சியிலிருந்து என் பள்ளி நண்பன் இன்னும் இரண்டு பேரோடு மூன்று வாரம் வருகிறான். "உன் ரூம்லயே தங்கிக்கிறோம்டா, ஹோட்டல் காசு மிச்சம்" என்கிறான். முடியாது என்று சொல்ல வாய் வரவில்லை. என்னவோ ஒரு உறுதிப் பத்திரம் வேறு கேட்கிறான். (எம்., டிரெஸ்டன்)

பதில்: தம்பி, உன் ஹாஸ்டல் ஒப்பந்தத்தை எடுத்துப் படி. விருந்தாளிக்குச் சில நாள்தான் என்று இருக்கும், ஹவுஸ்மைஸ்டரிடம் (கட்டடத்தைப் பார்த்துக்கொள்பவர்) சொல்ல வேண்டியிருந்தாலும் இருக்கும். ராத்திரி பத்து மணிக்கு மேல் நான்கு பேர் தமிழில் சிரித்தால் பக்கத்து ரூம்காரன் கதவைத் தட்டுவான், அது நியாயமும்கூட. சமையலறையில் அவர்கள் மிளகாய் தாளித்து ஃபயர் அலாரம் அடித்தால் பதில் சொல்ல வேண்டியது நீ.

இப்படி எழுதி அனுப்பு: "டேய், நீ மட்டும் என் ரூம்ல நாலு நாள், அவங்க ரெண்டு பேருக்கு யூத் ஹாஸ்டல் லிங்க் அனுப்புறேன், மளிகை உங்க செலவு." கோபித்துக்கொள்ள மாட்டான். யூத் ஹாஸ்டல் என்ற ஏற்பாடே பிறந்த நாட்டில் இருந்துகொண்டு நான்கு பேர் ஒரு ரூமில் நசுங்குவானேன்?

அவன் கேட்கும் பத்திரத்தின் பெயர் பெர்ஃப்ளிஷ்டுங்ஸ்எர்க்ளேருங். பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் மூச்சு வாங்கும், கையெழுத்துப் போட்டால் இன்னும் வாங்கும். வருகிறவருடைய தங்கும் செலவு, மருத்துவச் செலவு, திருப்பி அனுப்ப நேர்ந்தால் அந்தச் செலவு எல்லாம் நான் ஏற்கிறேன் என்பது அதன் பொருள். அதற்குப் போதிய வருமானத்தையும் நீ காட்ட வேண்டும், மாணவனால் பெரும்பாலும் முடியாது. அவர்கள் சொந்தப் பணத்தைக் காட்டி விண்ணப்பிக்கட்டும். நீ சாதாரண அழைப்புக் கடிதம் கொடு, போதும்.

ஊர் சுற்ற டாய்ச்லாண்ட் டிக்கெட் என்ற மாதப் பாஸ் எடுப்பார்கள். 2023 மே மாதம் 49 யூரோவில் தொடங்கியது, 2026 ஜனவரியிலிருந்து 63. உள்ளூர் பஸ், டிராம், ரீஜனல் ரயில் எல்லாவற்றுக்கும் செல்லும், ஐசிஇ அதிவேக ரயிலில் செல்லாது. அது மாதாமாதம் தானாகப் புதுப்பிக்கும் சந்தா என்பதை மட்டும் முதல் நாளே சொல்லிவிடு. பத்தாம் தேதிக்குள் ரத்து செய்யாவிட்டால் அடுத்த மாதமும் பிடித்துக்கொள்ளும், திருச்சி போய்ச் சேர்ந்த பிறகு உனக்குத்தான் போன் வரும்.

கேள்வி: ஜெர்மனியில் போகும் (Bochum) என்ற நகரத்தில் படிக்கும் தோழியிடம் போகிறேன். காமாட்சி அம்மன் கோயில் பக்கத்தில் இருக்கிறதாமே, உண்மையா? (வி., தஞ்சாவூர்)

பதில்: உண்மை. ஹம் நகரத்தில், ஊருக்கு வெளியே ஊன்ட்ரோப் பகுதியில், தொழிற்பேட்டை நடுவே கோபுரத்தோடு நிற்கிறது. போரால் இலங்கையை விட்டு வந்த தமிழர்கள் கட்டியது, 2002-இல் குடமுழுக்கு. கோடையில் நடக்கும் தேர்த்திருவிழாவுக்கு ஐரோப்பா முழுக்க இருந்து ஆயிரக்கணக்கில் வருவார்கள், அந்த நாளோடு உங்கள் பயணத் தேதி ஒத்துப்போனால் விடாதீர்கள். போகுமிலிருந்து ஆர்ஈ 1 ரயிலில் ஏறினால் மாறாமல் ஹம் போகலாம், அதற்குமேல் பஸ். கிளம்பும் முன் திரும்பி வரும் பஸ் நேரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள், ஞாயிற்றுக்கிழமை குறைவு. அன்றைக்கு சூப்பர்மார்க்கெட்டும் பூட்டியிருக்கும், தயிர்சாதம் கட்டிக்கொண்டு போவதாக இருந்தால் சனிக்கிழமையே தயிர் வாங்கி தோழியின் ஃப்ரிட்ஜில் அவள் தட்டில் வைத்துவிடுங்கள். பக்கத்துத் தட்டில் வைத்தால் காலையில் இருக்காது.