சுகப்பிரசவத் தையல்: வலி குறையவும் புண் ஆறவும் என்ன செய்யலாம்?

குழந்தையின் தலை வெளிவர வழி போதாதபோது பிறப்புறுப்புக்கும் ஆசனவாய்க்கும் நடுவே சிறிதாகக் கத்தரித்து, பிறகு தைப்பார்கள். சுகப்பிரசவத்திலும் தையல் என்று சொல்வது பெரும்பாலும் இதைத்தான்.

நரம்புகள் நிறைந்த இடம் அது. வீங்கும்போது தையல் இழுபட்டு வலிக்கிறது. அதனால் முதல் ஒன்றிரண்டு நாள் ஐஸைத் துணியில் சுற்றிப் பத்து நிமிடம் வைத்தால் வீக்கம் வடியும். டாக்டர் சொன்ன அளவில் பாரசிட்டமால் போடலாம், பால் கொடுப்பவர்களும்தான். பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொள்ளத் தேவையே இல்லை.

தையலின் வேலை, பசை காயும்வரை அட்டையை அழுத்திப் பிடிக்கும் கை மாதிரி. உண்மையில் ஒட்டவைப்பது உடம்புதான்; அதற்கு நல்ல ரத்த ஓட்டமும் சுத்தமும் வேண்டும். சிறுநீர் போகும்போது வெதுவெதுப்பான நீரை ஊற்றினால் எரிச்சல் குறையும். முன்னிருந்து பின்னாகக் கழுவி, ஒற்றி எடுங்கள், தேய்க்க வேண்டாம். நாப்கினை அடிக்கடி மாற்றுங்கள். அப்புறம், மலச்சிக்கல் வரவே கூடாது. முக்கினால் தையலுக்குத்தான் பாரம். கீரை, பழம், பருப்பு நிறையச் சாப்பிடலாம். நூல் பொதுவாகத் தானே கரைந்துவிடும். புண் சில வாரங்களில் ஆறும்.

காய்ச்சல், சீழ், துர்நாற்றம், நாளுக்கு நாள் கூடும் வலி, தையல் பிரிதல் இருந்தால் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

தண்ணீர் குடித்தால் தையலில் சீழ் பிடிக்கும் என்று வீட்டில் சொல்வார்கள். அது தவறு, சீழுக்குக் காரணம் கிருமி, குடிக்கும் தண்ணீர் அல்ல.