நகையை அடகு வைத்துக் கடை எடுக்க வேண்டாம், அக்கா

இலங்கையின் 2022 பொருளாதார நெருக்கடியில் வேலை போனபின் கொழும்பு வெள்ளவத்தையில் வீட்டிலிருந்தே மதியச் சாப்பாட்டுப் பார்சல் கொடுக்கிறீர்கள். நகையை அடகு வைத்துக் கடை எடுக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். இப்போதைக்கு வேண்டாம் அக்கா. முற்பணம் முதலிலேயே போய்விடும், வாடகை, மின்கட்டணம் எல்லாம் மாதாமாதம் நிற்கும். 2022 ஓகஸ்டிலும் 2023 பெப்ரவரியிலும் மின்கட்டணம் ஏறியபோது சின்னக் கடைகள் பட்ட பாடு தெரியும்தானே. அடகு வட்டியோ வியாபாரம் இல்லாத நாளிலும் ஓடும்.

முதலில் ஒரு பார்சலுக்கு என்ன செலவு என்று எழுதிப் பாருங்கள். அரிசி, மரக்கறி, தேங்காய் மட்டுமல்ல, காஸ், பார்சல் தாள், உங்கள் கூலியும் சேர வேண்டும். கூலியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். அதனால்தான் விற்றும் கையில் காசு நிற்பதில்லை. பக்கத்து அலுவலகங்களில் மாதக் கணக்கில் பார்சல் எடுக்கும் ஆட்களைப் பிடியுங்கள். முந்தைய நாளே எண்ணிக்கை கேட்டால் மிச்சம் விழாது. அப்புறம் பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயரைப் பதிந்து, அந்தப் பெயரில் வங்கிக் கணக்கு திறவுங்கள். பின்னால் கடன் கேட்கும்போது அந்த வரவு உதவும்.