வாசகர் கேள்வி – பதில்: ஃபில்டர் அடைப்பா, சென்சார் கோளாறா?

கேள்வி: எங்களுடையது ஜப்பானிலிருந்து வந்த 20 டன் ரீகன் (பழையதைப் புதுப்பித்த) எக்ஸ்கவேட்டர். செம்பனைத் தோட்டத்தில் வடிகால் தோண்டும் வேலை. இரண்டு வாரமாக டிபிஎஃப் (டீசல் புகைக் கரியைப் பிடிக்கும் ஃபில்டர்) விளக்கு எரிகிறது. ஸ்கேனர் போட்டால் ‘எஸ்பிஎன் 3251, எஃப்எம்ஐ 3’ என்று வருகிறது. ஃபில்டரையே மாற்றச் சொல்கிறார் மெக்கானிக். மாற்றித்தான் ஆக வேண்டுமா ஐயா?
— ஆர்.எம்., தெலுக் இந்தான்

பதில்: இப்போதைக்கு ஃபில்டர் பக்கமே போகாதீர்கள். 3251 என்பது ஃபில்டருக்கு முன்னும் பின்னும் உள்ள அழுத்த வித்தியாசத்தைக் குறிக்கும் எண். கோளாறு எப்படிப்பட்டது என்பதை எஃப்எம்ஐ எண்தான் சொல்லும். 3 வந்தால் சிக்னல் வோல்டேஜ் அளவு மீறி ஏறியிருக்கிறது. 4 வந்தால் அளவுக்குக் கீழே இறங்கியிருக்கிறது. இரண்டுமே மின்சாரச் சமாச்சாரம். கரி அடைப்புக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. 2 வந்தால் சிக்னல் தாறுமாறாக ஆடுகிறது, கனெக்டர் தளர்ந்திருக்கலாம். 0 அல்லது 16 வரும்போதுதான் ‘அழுத்தம் நிஜமாகவே கூடியிருக்குமோ’ என்று யோசிக்க வேண்டும்.

அழுத்த வித்தியாசத்தை அளக்கும் சென்சாருக்குப் பெரும்பாலும் மூன்று வயர்: 5 வோல்ட் சப்ளை, எர்த், சிக்னல். சாவியை ஆஃப் செய்து கனெக்டரைக் கழற்றுங்கள். பிறகு எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் ஆன் செய்து, வயர் பக்கக் கனெக்டரில் சப்ளைக்கும் எர்த்துக்கும் நடுவே மல்டிமீட்டரை வையுங்கள். 4.75 முதல் 5.25 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். இல்லையென்றால் மீட்டரின் கறுப்பு வயரைப் பேட்டரி நெகட்டிவில் வைத்து சப்ளையை மறுபடி அளந்து பாருங்கள். அப்போது 5 வோல்ட் வந்தால் அறுந்திருப்பது எர்த் வயர். எர்த் அறுந்தாலும் சிக்னல் மேலே ஏறி 3 என்றுதான் காட்டும். பலர் கோட்டை விடும் இடம் இது. அப்போதும் 5 வோல்ட் வராவிட்டால் அதே சப்ளையைப் பங்கு போடும் மற்ற சென்சார்களை ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். ஏதோ ஒன்று ஷார்ட் ஆகி எல்லாவற்றையும் கீழே இழுத்துக்கொண்டிருக்கும். ஒரே சமயத்தில் நாலைந்து கோட் வந்திருந்தால் காரணம் பெரும்பாலும் இதுதான்.

சப்ளையும் எர்த்தும் சரியென்றால், கனெக்டரைக் கழற்றி வைத்தபடியே ஸ்கேனரைப் பாருங்கள். எஃப்எம்ஐ 3 மாறி 4 ஆனால் வயரிங்கும் கன்ட்ரோலரும் (எஞ்சின் கம்ப்யூட்டர்) வேலை செய்கின்றன, கெட்டது சென்சார்தான். கழற்றியும் 3 மாறவில்லை என்றால் அவசரப்பட்டு வயரைக் குறை சொல்ல வேண்டாம்; சில வண்டிகளில் கழற்றினால் வருவதே 3தான். அங்கே சிக்னல் பின்னை எர்த் பின்னோடு ஒரு கணம் இணைத்துப் பார்க்க வேண்டும். 4 வந்தால் சென்சார், வராவிட்டால் வயர்.

வயர் என்றால் முதலில் எக்ஸாஸ்ட் ஓரத்து கிளிப்புகளையும் பிராக்கெட் விளிம்பில் உரசும் இடங்களையும் பாருங்கள். அடுத்து எலி. எலி பிடிக்க ஆந்தைப் பெட்டி வைத்தும் அடங்காத தோட்டத்து எலி, இரவில் சூடு தணியாத எஞ்சின் அறையைத்தான் தேடி வரும். கனெக்டருக்குள் பச்சை பூத்திருந்தால் வாட்டர்ஜெட் அடித்த தண்ணீர் உள்ளே இறங்கியிருக்கிறது.

கேள்வி: மின்சாரக் கோட் எதுவும் இல்லை. ஆனால் மூன்று நாளைக்கு ஒருமுறை கேட்ட ரீஜெனரேஷனை (ஃபில்டரில் சேர்ந்த கரியைச் சூடேற்றி எரிக்கும் வேலை) இப்போது தினமும் கேட்கிறது. கரி அளவு சட்டென்று ஏறிவிடுகிறது. சென்சார் பொய் சொல்கிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?
— எஸ்.கே., ஊத்தான் மெலிந்தாங்

பதில்: எஞ்சின் முழுக்க ஆறிய பிறகு சாவியை மட்டும் ஆன் செய்து அழுத்த வித்தியாசத்தைப் பாருங்கள். பூஜ்யம் காட்ட வேண்டும். 1, 2 கிலோபாஸ்கல் நின்றால் சென்சாரின் அளவு நகர்ந்துவிட்டது, அல்லது குழாயில் தண்ணீர் தேங்கியிருக்கிறது. 20 சென்டிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் நின்றாலே சுமார் 2 கிலோபாஸ்கல் பொய்க்கணக்கு வரும். சென்சார் மேலேயும், குழாய் ஃபில்டரை நோக்கிச் சரிந்தும் இருக்க வேண்டும் என்பதற்குக் காரணமே இதுதான். கழற்றியவர் ஹோஸை நடுவில் தொங்கவிட்டுக் கட்டியிருந்தால் தண்ணீர் அங்கேயே நிற்கும்.

அடுத்து ஸ்டார்ட் செய்து வேகத்தைக் கூட்டிக் குறையுங்கள். அழுத்தம் கூடவே ஏறி, கூடவே இறங்க வேண்டும். இறங்க நேரம் எடுத்தால் ஒரு குழாய் பாதி அடைத்திருக்கிறது. மைனஸ் காட்டினால் இரண்டு ஹோஸும் இடம் மாறி மாட்டப்பட்டிருக்கின்றன. ஃபில்டருக்கு முந்தைய பக்க ஹோஸ் வெடித்தாலோ கழன்றாலோ அளவு குறைந்து, ஃபில்டரே இல்லை என்று கன்ட்ரோலர் நினைத்துக்கொள்ளும்.

குழாயில் காற்றடிப்பதானால் சென்சார் முனையைக் கழற்றிவிட்டு ஃபில்டர் பக்கமாக அடியுங்கள். கம்பிரசர் காற்று 600 கிலோபாஸ்கலுக்கு மேல் வரும். சென்சாருக்குள் போனால் உள்ளேயிருக்கும் மெல்லிய தகடு போய்விடும்.

சென்சாரைச் சோதிக்க விலையுயர்ந்த கருவி வேண்டாம். இரண்டு மீட்டர் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் குழாயை ‘யு’ போல வளைத்துப் பலகையில் கட்டிப் பாதி தண்ணீர் ஊற்றுங்கள். ஒரு முனையில் ‘டி’ மூட்டு போட்டு, ஒரு கிளையைச் சென்சாரின் முன்பக்க முனைக்கும் மறு கிளையை ஒரு ரப்பர் பல்புக்கும் கொடுங்கள். மெல்ல அழுத்தி இரு பக்க நீர்மட்டத்துக்கும் 50 சென்டிமீட்டர் வித்தியாசம் வரவையுங்கள். ஸ்கேனர் 4.9 கிலோபாஸ்கல் அருகே காட்டினால் சென்சார் நல்லது. அப்படியென்றால் கரி நிஜம். இன்ஜெக்டர், டர்போ எண்ணெய்க் கசிவு, இஜிஆர் (புகையில் ஒரு பகுதியை எஞ்சினுக்கே திருப்பும் வால்வு), காற்று ஃபில்டர் என்று தேட வேண்டும்.

இன்னொன்று. மதிய வெயிலில் ஏர்கோன் போட்டுக்கொண்டு கேபினில் சாய்வதைக் குறை சொல்ல மனம் வரவில்லை. ஆனால் ஐட்லிங்கில் எக்ஸாஸ்ட் சூடாகாது. கரி தானாக எரிய 250 டிகிரிக்கு மேல் வேண்டும். டீசல் தெளித்து எரிக்கும்போது 550 முதல் 650 டிகிரி வரை போகும். அந்த வேலையைக் காய்ந்த மட்டைக் குவியல் பக்கத்தில் நிறுத்திச் செய்யாதீர்கள்.

கேள்வி: ரீஜெனரேஷன் தொடங்கிப் பாதியில் நின்றுவிடுகிறது. கோட் எஸ்பிஎன் 3242.
— வாசகர், பாகான் டத்தோ

பதில்: ஃபில்டருக்குள் நுழையும் புகையின் வெப்ப சென்சார். காலையில் ஸ்டார்ட் செய்யும் முன் எக்ஸாஸ்ட் வெப்ப சென்சார்கள் எல்லாவற்றையும் ஸ்கேனரில் ஒன்றாகப் பாருங்கள். எல்லாமே அன்றைய காற்றின் சூட்டை, 25, 28 டிகிரி என்று காட்ட வேண்டும். கூட்டத்தோடு சேராமல் தனியாக நிற்பதுதான் கெட்டது. பிடி200 (பிளாட்டினம் சென்சார்) வகையாக இருந்தால் 25 டிகிரியில் ஏறக்குறைய 220 ஓம் வரும். சில வண்டிகளில் வேறு வகை இருக்கும். ஓம் கணக்குக்குக் கையேட்டைப் பாருங்கள். கழற்றும்போது மரை இறுகியிருந்தால் துருநீக்கி எண்ணெய் விட்டு ஓர் இரவு விடுங்கள். முறுக்கி உடைத்துக்கொண்டால் செலவு இரட்டிப்பாகும்.

கேள்வி: ஃபில்டரின் உட்பகுதியை வெட்டி எடுத்துவிட்டு ரெசிஸ்டர் வைத்துச் சென்சாரை ஏமாற்றலாம் என்கிறார்களே?
— வாசகர், சுங்கை சுமுன்

பதில்: வேண்டாம். வேகம் கூடும்போது அழுத்தமும் கூடுகிறதா என்று கன்ட்ரோலர் பார்த்துக்கொண்டே இருக்கும். ரெசிஸ்டர் ஒரே எண்ணைத்தான் சொல்லும், சீக்கிரம் மாட்டிக்கொள்வீர்கள். கரிக்கணக்கை மட்டும் ஸ்கேனரில் பூஜ்யமாக்குவது அதைவிட மோசம். நிறைந்த ஃபில்டரைக் காலி என்று நம்பவைத்தால், அடுத்த முறை கரி மொத்தமாகப் பற்றிக்கொண்டு ஃபில்டரின் உள்கல்லே உருகிப்போகும்.

கேள்வி: புது அழுத்த சென்சார் மாட்டியும் அதே கோட் வருகிறது.
— பி.வி., தெலுக் இந்தான்

பதில்: பல வண்டிகளில் புது சென்சாருக்குப் பூஜ்ய அளவைக் கன்ட்ரோலரில் பதிய வேண்டும். எஞ்சின் நிற்கும்போது சர்வீஸ் ஸ்கேனரில் செய்வது அது. அதன் பிறகும் வந்தால் முதல் பதிலில் சொன்ன எர்த் வயரைப் பாருங்கள். அண்மையில் பக்கெட் பல் வெல்டிங் செய்தீர்களா? பேட்டரி நெகட்டிவைக் கழற்றாமல், எர்த் கிளாம்பைத் தூரத்தில் எங்கோ கடித்துவிட்டு வெல்டிங் அடித்திருந்தால், சென்சாரோடு கன்ட்ரோலரும் அடிபட்டிருக்கலாம். கிளாம்பு எப்போதும் வெல்டிங் இடத்துக்குப் பக்கத்திலேயே, பக்கெட்டிலேயே இருக்கட்டும்.